அழுவதற்கு ஐந்து நிமிடம்

எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் இரவல் பதிவேடு ஒன்று உண்டு. யார் எந்தக் கருவியை எடுத்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன நோக்கத்துக்கு, எப்போது திருப்பித் தந்தார்கள் என்று நான்கு கட்டங்கள். நான் அந்தப் பள்ளியின் ஆய்வக உதவியாளர். பதிவேடு என் பொறுப்பு. ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் புரட்டிக்கொண்டே வந்தவர், நிறுத்துக் கடிகாரத்துக்கான பக்கத்தில் நின்றுவிட்டார். நோக்கம் என்ற கட்டத்தில் வரிசையாக எழுதியிருந்தது: ரயில். உப்புமா. ரயில். அழுகை. அழுகை. மறுபடியும் அழுகை.

“தனி ஊசல் தெரியும். இந்த அழுகைங்கறது என்ன சோதனை?” என்று கேட்டார்.

“அது இங்கிலீஷ் டீச்சர் எடுத்துட்டுப் போனது சார்.”

“அழுகைக்கு எதுக்குங்க ஸ்டாப் கிளாக்?”

“அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது சார்.”

அதிகாரி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு வேதியியல் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். என் தரப்பில் குறை எதுவும் இல்லை. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன, கையெழுத்தும் இருந்தது.

அந்தக் கையெழுத்துக்கு உரியவர் எங்கள் பள்ளியில் ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தினார். குடியாத்தத்துக்காரர். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் மெதுவாகப் பேசவே வராது. அவர் ரகசியம் சொன்னால் விளையாட்டு மைதானம்வரை கேட்கும். தினமும் பேருந்தில் ஆம்பூருக்கு வந்து போவார். இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து, படிவரை நடந்து பார்த்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொள்வார் என்று நடத்துனர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் அதே பேருந்தில் போக நேர்ந்தபோது கண்ணால் பார்த்தேன்.

எதையும் ஒருமுறை ஒத்திகை பார்க்காமல் அவர் செய்ததில்லை. “ஒருவாட்டி செஞ்சு பாத்துடலாம் சார்” என்பது அவர் வாயில் நாளுக்கு நாலு முறையாவது வரும். தலைமையாசிரியரிடம் விடுப்புக் கேட்க வேண்டுமென்றால், முதலில் என்னிடம் வந்து கேட்பார். நான் தலைமையாசிரியராக இருந்து மறுக்க வேண்டும். நான் உடனே சரி என்று சொல்லிவிட்டால் கோபம் வரும். “அவரு இப்டி ஈஸியா குடுப்பாரா? நல்லா யோசிச்சு மறுங்க சார்.”

பள்ளியில் அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர். மற்றவர்கள் தட்டிக்கழித்த வேலை அது. புதிதாக வந்தவர் என்று இவர் தலையில் கட்டினார்கள். முதல் ஆண்டு அவரும் எல்லாரையும் போலத்தான் செய்தார். சுவரில் அட்டவணை ஒட்டினார், விண்ணப்பம் போட வைத்தார், இடம் கிடைத்தவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். அந்த ஆண்டு கல்லூரிக்குப் போனவர்களில் ஆறு பேர் ஆயுத பூஜைக்குள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஷூ கம்பெனியில் சேர்ந்தார்கள், ஒருவன் தோல் மண்டியில், ஒருத்திக்குக் கல்யாணம்; மற்ற இருவர் வீட்டில் இருந்தார்கள்.

டீச்சர் ஆறு வீட்டுக்கும் போனார். போய்விட்டு வந்த மறுநாள் காலை 9.10க்கு ஆய்வகத்துக்கு வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், மார்க் பத்தாமயோ பாடம் வராமயோ ஒருத்தரும் திரும்பி வரல. ஒருத்திக்கு பாத்ரூம் எங்க இருக்குன்னு கேக்க வெக்கம். ரெண்டு நாள் அடக்கிக்கிட்டு இருந்திருக்கா. ஒருத்தன் ஜோலார்பேட்டைல ரயில் மாறத் தெரியாம பெங்களூரு போய்ட்டான். ஒருத்தனுக்கு ஹாஸ்டல் உப்புமா இறங்கல. ஒருத்தன் அம்மா டெய்லி போன்ல அழுவுது.”

“மத்த ரெண்டு பேரு?”

“இங்கிலீஷ்ல பாடம் நடத்தினாங்களாம். புரியலன்னு சொல்லப் பயம். சொல்லாமயே ஒரு மாசம் உக்காந்திருந்து, எழுந்து வந்துட்டாங்க.” கொஞ்ச நேரம் மேசையில் இருந்த லென்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தார். “நாம பரீட்சைக்குத்தான் பசங்கள ரெடி பண்றோம். காலேஜுக்கு ரெடி பண்ணல. ஸ்டாப் கிளாக் ஒண்ணு குடுங்க சார்.”

பதிவேட்டில் அவருடைய முதல் கையெழுத்து அன்றைக்கு விழுந்தது.

ரயில் ஒத்திகை என் ஆய்வகத்தில்தான் நடந்தது. மேசைகளை இரண்டு வரிசையாகப் போட்டு, முக்காலிகளை அடுக்கி, முன்பதிவுப் பெட்டி ஒன்றைத் தயாரித்தோம். பிள்ளைகள் ஆம்பூரில் ஏறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, சரியான நடைமேடைக்குப் போய், கோயம்புத்தூர் ரயிலில் ஏற வேண்டும். வேதியியல் ஆய்வகத்தின் வாசல்தான் அந்த நடைமேடை. டிக்கெட் பரிசோதகராகத் தலைமையாசிரியரை டீச்சர் கெஞ்சி அழைத்து வந்திருந்தார். அவர் பாதியிலேயே வேடத்தில் மூழ்கி, டிக்கெட் இல்லாத ஒரு பையனை உண்மையாகவே வெளியே நிறுத்திவிட்டார். டீச்சரே அடாவடிப் பயணியாக வந்து ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். அதற்கு உரியவர் எழுப்ப வேண்டும்.

“மிஸ், கொஞ்சம்…” என்று இழுப்பார்கள் பிள்ளைகள்.

“நான் மிஸ் இல்ல. நான் திருப்பத்தூர்ல ஏறின பொம்பள. நகர மாட்டேன். இன்னா பண்ணுவே?”

நான்காவது ஒத்திகையில்தான் ஒரு பெண் எழுப்பினாள். அவளைப் பற்றித்தான் மேற்கொண்டு சொல்லப் போகிறேன், பெயர் பவித்ரா. “அக்கா, இது என் சீட்டு. நீங்க நகர்ந்தா நாம ரெண்டு பேருமே உக்காரலாம்” என்றாள். டீச்சர் நகர்ந்து உட்கார்ந்தார். 3 நிமிடம் 12 வினாடி என்று நான் குறித்துக்கொண்டேன்.

உப்புமா ஒத்திகைக்கு அவரே வீட்டிலிருந்து தூக்குவாளி நிறைய உப்பில்லாத உப்புமா செய்து எடுத்து வருவார். எட்டு நிமிடத்துக்குள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடிக்க வேண்டும். “பிரியாணி ஊர்ல பொறந்ததுங்க உப்புமாகிட்ட தோத்துப் போகுதுங்க சார்” என்பார். எனக்கும் ஒரு தட்டு வரும். உதவியாளருக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

‘புரியவில்லை’ ஒத்திகைதான் எல்லாவற்றிலும் கடினம். டீச்சர் பேராசிரியராக நின்று கடகடவென்று ஆங்கிலத்தில் பொழிவார். யாராவது கை தூக்கிப் புரியவில்லை என்று சொல்லும்வரை நிறுத்த மாட்டார். முதல் நாள் நான் ஒன்பது நிமிடம்வரை பார்த்தேன்; ஒரு கை எழவில்லை. டீச்சருக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துபோய், மேசைமேல் கிடந்த கழிப்பறை பழுதுபார்ப்பு ஒப்பந்த அறிவிப்பை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். பவித்ரா அதையும் பாடம் என்று குறிப்பெடுத்து, ‘செப்டிக் டேங்க்’ என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி, கடைசிவரை செய்கிற பெண். அந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்தது என்பது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

‘எந்த ஊர்’ ஒத்திகை என்று ஒன்றும் வைத்திருந்தார்.

“ஹாஸ்டல்ல கேப்பாங்க, எந்த ஊருன்னு. ஆம்பூருன்னு சொன்னதும் மூக்கப் புடிச்சுக்கிட்டு, ஐயோ தோல் நாத்தம் அடிக்குமேன்னு சிரிப்பாங்க. அப்ப இன்னா சொல்லுவே?”

ஒருத்தி அழுதுவிடுவேன் என்றாள். ஒருவன் அடிப்பேன் என்றான். பவித்ரா கொஞ்சம் யோசித்து, “உங்க ஷூவக் கழட்டிப் பாருங்க, எங்கம்மா தச்சதா இருக்கும்னு சொல்லுவேன் மிஸ்” என்றாள். டீச்சர் கைதட்டிவிட்டார். ஒத்திகையில் அவர் கைதட்டி நான் பார்த்தது அன்றுதான்.

அழுகை பெற்றோருக்கானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷூ கம்பெனிகளுக்கும் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் விடுமுறை என்பதால் அன்றைக்கு வரச் சொல்வார். விடுதி வாசலாக எங்கள் ஆய்வக வாசல். பிள்ளை பெட்டியோடு உள்ளே போக வேண்டும். பெற்றோர் வெளியே நின்று ஐந்து நிமிடம் மட்டும் அழலாம். “அழ வேணான்னு சொல்லல. அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல அழுதீங்கன்னா உள்ள இருக்கற புள்ள பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்துடும்.” ஒரு தந்தை, தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர், பனைமரம் மாதிரி ஆள். “எனக்கெல்லாம் அழுகை வராது டீச்சர், பேஜாரு” என்றார். கடிகாரத்தை அழுத்திய இருபதாவது வினாடியில் தேம்ப ஆரம்பித்து, பதினொரு நிமிடம் ஆகியும் நிறுத்தவில்லை. அவருக்கு அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார் டீச்சர்.

இவ்வளவு ஒத்திகை பார்த்த மனுஷி ஒத்திகையாலேயே ஒருமுறை மாட்டிக்கொண்டார்.

பவித்ரா பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய தரவரிசைக்குக் கோயம்புத்தூரில் ஓர் அரசுக் கல்லூரியில் மின்னணுவியல் கிடைக்கும் என்று டீச்சர் கணித்திருந்தார். இணையதளத்தில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கி, கடைசியில் பூட்ட வேண்டும். பூட்டுவதற்குப் பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி வரும். சனிக்கிழமை தொடங்கி புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிற வேலை.

முந்தைய ஆண்டு யாரோ ஒருவன் அதிகாரி போலப் பேசி ஒரு பையனின் அம்மாவிடம் ஓடிபியை வாங்கி, அவனுடைய பட்டியலையே மாற்றிவிட்டான். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஓடிபி ஒத்திகை வைத்தார். பதினொரு மாணவர்கள், அவர்களுடைய அம்மாக்கள், கைபேசிகள். பொய் ஓடிபியில் பயம் வராது என்று, உண்மையான இணையதளத்திலேயே செய்யச் சொன்னார். எந்தக் கல்லூரியைப் போடுவது என்று பிள்ளைகள் கேட்டபோது, தென்கோடியில் கடலோரமாக இருந்த ஒரு கல்லூரியின் பெயரையும் கடல்சார் பொறியியல் என்ற படிப்பையும் கரும்பலகையில் எழுதிப் போட்டார். “சும்மா பழகறதுக்குத்தான். அப்புறம் மாத்திக்கலாம். ஆனா கடைசி வரைக்கும் செய்யணும். பாதில நிறுத்தினா அது ஒத்திகை இல்ல.”

ஓடிபி வந்ததும் விதி இது: அம்மா அதைத் தானே கணினியில் தட்ட வேண்டும். யாருக்கும் சொல்லக் கூடாது. டீச்சர் ஒவ்வொருவராகப் போய்க் குரலை மாற்றிக் கேட்டார். அதட்டிக் கேட்டார். “உன் பொண்ணு சீட்டே போய்டும்” என்று மிரட்டினார். பிள்ளைகளையே விட்டுக் கொஞ்சச் சொன்னார். சொன்ன அம்மாக்கள் எல்லாரும் ஃபெயில். பவித்ராவின் அம்மாவும் முதல் தடவை மகள் கேட்டதும் எண்ணைச் சொல்லிவிட்டார்.

“ஃபெயில்!” என்றார் டீச்சர். “அந்தப் பக்கம் தனியா நில்லுங்க. பவி கேட்டாலும் கூடாது. நானே கேட்டாலும் கூடாது. என் குரல்ல பேசுவான், என் முகத்தக் கூட காட்டுவான்.”

அந்த அம்மாள் மூலையில் நின்றது எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற லைனில் வேலை செய்பவர். நிமிடத்துக்கு இத்தனை ஜோடி என்று கணக்குத் தப்பாமல் தைக்கிறவர். ஃபெயில் என்ற சொல்லை அவர் ரொம்ப நாள் கழித்துக் கேட்டிருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது. இரண்டாவது தடவை கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகளை முறைத்து, ஒரே விரலால் தானே எண்ணைத் தட்டினார். பதினொரு பேரில் அன்று பாஸானவர் அவர் மட்டும்தான்.

பாஸானவரின் மகளுடைய பட்டியல் மட்டும் உண்மையாகவே பூட்டிக்கொண்டது. அது அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் பள்ளியில் இணையம் வேலை செய்யவில்லை. புதன்கிழமை மதியம் 2.40க்கு உண்மைப் பட்டியலைப் போட உட்கார்ந்தார்கள். பவித்ராவின் பக்கம் திறந்தது. ‘உங்கள் விருப்பப் பட்டியல் பூட்டப்பட்டுள்ளது’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: கடல்சார் பொறியியல்.

பவித்ரா அதை இரண்டு முறை வாசித்தாள். “மிஸ், நான் கப்பலுக்குப் போறேனா?”

டீச்சர் பேசாமல் இருந்தால் பள்ளியே அமைதியாகிவிடும். தலைமையாசிரியர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார். விவரம் கேட்டுத் தலையில் கை வைத்தார். “பாலாத்துல கால் நனையத் தண்ணி இல்ல. இந்த ஊர்லேர்ந்து ஒரு பொண்ணக் கப்பலுக்கு அனுப்பறீங்களா டீச்சர்? ஒத்திகை ஒத்திகைன்னு…”

“மாத்த முடியலன்னா போக மாட்டேன் மிஸ்,” என்றாள் பவித்ரா, சாதாரணமாக. “அம்மா லைன்ல ஆள் கேட்டுக்கிட்டிருக்காங்க.”

டீச்சர் அப்போதுதான் அசைந்தார். உதவி மையத்துக்குப் போன் போட்டார். பதினான்காவது முயற்சியில் ஒரு பையன் எடுத்தான். பூட்டைத் திறக்கலாம் மேடம், பதிவு செய்த நம்பருக்கு ஓடிபி அனுப்புவோம், பத்து நிமிடம்தான் செல்லும், திறப்பதற்கு மூன்று தடவைதான் அனுப்ப முடியும், ஐந்து மணிக்கு எல்லாம் மூடிவிடும் என்றான்.

பதிவு செய்த நம்பர் அம்மாவுடையது. அம்மாவின் கைபேசி கம்பெனி வாசலில், டோக்கன் போட்டு வைக்கிற பெட்டியில் இருந்தது. அம்மா உள்ளே லைனில் இருந்தார்.

“சார், வண்டிய எடுங்க,” என்றார் டீச்சர். “நான் இங்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கேன். போனதும் போன் போடுங்க.”

நான் ஸ்கூட்டரில் 3.05க்குக் கிளம்பி, கம்பெனி வாசலை 3.17க்கு அடைந்தேன். நிறுத்துக் கடிகாரம் என் சட்டைப்பையில் இருந்தது. பத்து நிமிடக் கணக்கு என்பதால் நானே எனக்கு இரவல் எழுதி எடுத்துக்கொண்டேன். வாசலில் இருந்த வாட்ச்மேன் பாய், டோக்கன் இல்லாமல் கைபேசியைத் தர முடியாது, ஆள் வர வேண்டும் என்றார். உள்ளே தகவல் போய் அந்த அம்மாள் வெளியே வர இருபத்திரண்டு நிமிடம். நீலக் கோட்டு முழுக்க நூல் துணுக்குகள்.

“பவிக்கு இன்னா ஆச்சு சார்?”

“ஒண்ணும் ஆகலம்மா. உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அத மட்டும் சொல்லுங்க.”

டீச்சருக்கு அழைத்துச் சொன்னேன். அவர் உதவி மையத்துக்குச் சொன்னார். கைபேசி ‘டிங்’ என்றது. நான் கடிகாரத்தை அழுத்தினேன். அந்த அம்மாள் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைபேசியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“சொல்ல மாட்டேன் சார்.”

“அம்மா, டீச்சர்தான் கேக்கறாங்க.”

“டீச்சரே கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு டீச்சர்தான் சொன்னாங்க.”

என் கைபேசியில் டீச்சரை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் குரல் வாசலைத் தாண்டிச் சாலைவரை போனது. “நான்தாம்மா பேசறேன்! இங்கிலீஷ் டீச்சர்! சீக்கிரம் சொல்லுங்க!”

“என் குரல்ல பேசுவான்னு சொன்னீங்களே டீச்சர்.”

“அது அவன்மா! இது நான்!”

“அவனும் அப்டித்தானே சொல்லுவான்?”

டீச்சர் பவித்ராவிடம் கொடுத்தார். “அம்மா, நான்தாம்மா பவி. சொல்லும்மா.” அந்த அம்மாள் என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “பவி மாதிரியே பேசறாங்க பாரு சார்” என்றார். அருகில் நின்ற வாட்ச்மேன் பாய், “அந்தம்மா சொல்றது கரெக்ட் சார். காலம் கெட்டுக் கெடக்கு. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே” என்று என் வண்டி எண்ணைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தச் சூழ்நிலையிலும் அவர் நோட்டுப் போட்டிருந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

பத்து நிமிடம் முடிந்தது. இரண்டாவது ஓடிபிக்கும் அதே கதை. மணி 4.03.

“அம்மா,” என்றேன், “இன்னும் ஒரு வாட்டிதான் வரும். அது போச்சுன்னா பவி கப்பல் படிப்புக்குத்தான் போகணும். இல்லன்னா உங்க லைனுக்கு வரணும்.”

அவர் கண் கலங்கியது. ஆனாலும் கை கோட்டுக்குள்ளேயே இருந்தது. “என் லைனுக்கு வரக் கூடாதுன்னுதான் சார் நான் ஃபெயிலாகாம இருக்கேன். நானே தட்டறேன். எங்க தட்டணும்னு சொல்லுங்க.”

இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று அன்றைய நாட்குறிப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, அந்த அம்மாள் நீலக் கோட்டோடு என் வண்டியில் ஏறினார். நான் நாற்பதுக்கு மேல் ஓட்டாதவன். அன்று பஜார் வழியாக ஐம்பத்திரண்டில் போனேன்.

4.31க்குக் கணினி முன் உட்கார்ந்தார். டீச்சர் உதவி மையத்துக்குச் சொல்ல, மூன்றாவதும் கடைசியுமான ஓடிபி வந்தது. அந்த அம்மாள் கைபேசியைக் கையால் மறைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தார். காத்திருந்தார்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. “எல்லாரும் செவுத்தப் பாருங்க” என்றார். நாங்கள் சுவர் பக்கம் திரும்பினோம். பவித்ரா திரும்பினாள். “நான் ஹெச்.எம். ஆச்சே, நானுமா?” என்ற தலைமையாசிரியரை டீச்சர் தோளைத் தொடாமல் பார்வையாலேயே திருப்பினார். பின்னால் ஒரே விரல் ஆறு முறை தட்டுகிற சத்தம் கேட்டது.

பூட்டுத் திறந்தது. பவித்ரா பன்னிரண்டு கல்லூரிகளை அடுக்கினாள், கோயம்புத்தூர் முதலில். பூட்டுவதற்குத் தனியாக இன்னொரு ஓடிபி. மறுபடியும் நாங்கள் சுவரைப் பார்த்து நின்றோம். பச்சை எழுத்து வந்தபோது மணி 4.53.

அந்த அம்மாள் எழுந்து நின்றார். “டீச்சர், நான் பாஸா?”

“நீங்க பாஸ்மா,” என்றார் டீச்சர். அந்தக் குரல் பக்கத்து மேசைக்குக் கூடக் கேட்டிருக்காது. “நான்தான் ஃபெயில்.”

இடம் கிடைத்தது. ஆவணி மாதம் ஜோலார்பேட்டையில் வழியனுப்பப் போனோம். டீச்சர் கடிகாரத்தோடு வந்திருந்தார். அந்த அம்மாள் ரயில் நின்றிருந்தபோது இரண்டு நிமிடம் மட்டும் அழுதார். “மீதி மூணு நிமிஷம் ரயில் போனப்புறம் டீச்சர்” என்று அனுமதி கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு டீச்சர் ஒத்திகையைக் குறைத்துவிட்டார். விடுப்பைக்கூட நேராகப் போய்க் கேட்டார். பதிவேட்டில் ஏழு வாரம் அவர் கையெழுத்து இல்லை. ஆனால் தினமும் காலையில் ஆய்வகத்துக்கு வந்து, பள்ளி வாசல் தெரிகிற ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். முதல் ஆண்டு திரும்பி வந்த ஆறு பேரும் அந்த வாசல் வழியாகத்தான் சான்றிதழ் கேட்டு வந்திருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை, காலை 10.20. பதினோராம் வகுப்புக்குத் தனி ஊசல். இருபது அலைவுகளுக்குக் கடிகாரத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலருகே நின்றிருந்த டீச்சர், “சார்” என்றார். வாசல் வழியாகப் பவித்ரா வந்துகொண்டிருந்தாள். கையில் பெட்டி.

அவள் ஆய்வகத்துக்குள் நுழைவதற்குள் டீச்சர் ஆரம்பித்துவிட்டார். “இன்னாடி ஆச்சு? உப்புமாவா? இங்கிலீஷா? யாராவது ஊரச் சொல்லிச் சிரிச்சாங்களா? அம்மா போன் பண்ணி அழுதாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லு, இப்பவே உன்னோட நான் வர்றேன்.”

“மிஸ், லீவு மிஸ்.”

“லீவுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க.”

“அஞ்சு நாள் லீவு மிஸ். ரயில்லேர்ந்து நேரா வர்றேன், இன்னும் வீட்டுக்கே போல.” பெட்டியைக் கீழே வைத்து, பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். “ரிட்டர்ன் டிக்கெட் வாங்கிட்டுத்தான் ஏறினேன்.”

டீச்சர் அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஜோலார்பேட்டையிலிருந்து கோயம்புத்தூர், செவ்வாய்க்கிழமை.

“மூணாவது நாளே கை தூக்கிட்டேன் மிஸ், புரியலன்னு,” என்றாள் பவித்ரா. “நான் தூக்கினதும் பின்னாடி பெஞ்ச் முழுக்கத் தூக்கிடுச்சு. சார் இப்ப மெதுவா நடத்தறாரு.”

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தார். டிக்கெட் கையிலேயே இருந்தது. என் பக்கம் பார்த்து, “இதுக்கு ஒத்திகை பாக்கலையே சார்” என்றார். பிறகு அழ ஆரம்பித்தார். அழுகையிலும் அவருக்குத் தறிக் குரல்தான். பதினோராம் வகுப்பு ஊசலை விட்டுவிட்டு நின்றது.

பவித்ரா பொறுமையாகக் காத்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் ஆயிற்றே. கொஞ்ச நேரம் கழித்துச் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள், அது ஓடாதது என்பது நினைவு வந்து, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “சார், அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?”

ஊசலுக்கு எடுத்து, டீச்சர் அழ ஆரம்பித்ததும் பழக்கத்தில் மறுபடி முதலிலிருந்து அழுத்திய நிறுத்துக் கடிகாரம் என் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்தேன். 7 நிமிடம் 40 வினாடி.

“இல்லம்மா, இன்னும் இருக்கு” என்றேன்.

அந்தக் கருவி காட்டிய அளவை நான் மாற்றிச் சொன்னது அந்த ஒரு முறைதான். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.